பிள்ளைபெற்றவள் மருந்தும் மூன்றாம் வளைவும்

குமுளி மலைப்பாதையின் மூன்றாம் வளைவில்தான் எனக்கு முதன்முதலாக உயிர் போயிற்று. பிறகும் ஏழெட்டுத் தடவை போயிருக்கிறது. சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பி வந்துவிடும்.

அன்றைக்கு மகளைப் பார்க்க மாட்டுவண்டியில் மலை ஏறிக்கொண்டிருந்தோம். பள்ளத்தை எட்டிப் பார்த்ததும் நெஞ்சுக்குள் இரண்டு பேர் உலக்கை போட்டார்கள். கை மரத்தது. மூச்சு தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை. "வண்டியைத் திருப்புலே, மாரடைப்பு!" என்று கத்தினேன். கீழே கூடலூர் வந்ததும் நான்கு இட்லி தின்றேன். வண்டி ஓட்டிய மச்சினன் மாரடைப்பை விட்டுவிட்டு இட்லியை மட்டும் ஊரெல்லாம் சொன்னான்.

அதன்பின் அந்தப் பாதையை நினைத்தாலே படபடப்புத்தான். மகளோ மலைமேல் ஏலத்தோட்டத்துக் கங்காணிக்கு வாக்கப்பட்டவள், தலைப்பிரசவம். ஏழாம் மாதம் வளையல் அடுக்கித் தகப்பன்தான் அழைத்து வரவேண்டும். தகப்பன் உயிரோடிருக்க வேறு ஆள் போய் நின்றால் சம்பந்தி அனுப்பமாட்டார். எனக்கு இரண்டு மாதம் இருந்தது.

வடுகபட்டிப் பூண்டைச் சுட்டுத் தேனில் குழைத்துத் தின்றேன். படபடப்பு போகவில்லை, பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் போனார்கள். குச்சனூரில் எள் விளக்குப் போட்டேன். வந்த தைரியம் வீட்டு வாசல்வரை தாங்கியது. வைத்தியர் சீரகத் தண்ணீர் குடித்து மூச்சைக் கவனிக்கச் சொன்னார். கவனித்தேன். நின்றுவிடுமோ என்று புதுப் பயம் சேர்ந்துகொண்டது.

ஒருநாள் மத்தியானம் படபடப்போடு அடுக்களைக்குள் போனபோது ஒரு பானையில் கறுப்பாய் லேகியம் இருந்தது. எலுமிச்சை அளவு உருட்டி விழுங்கினேன். சுக்கும் திப்பிலியும் கருப்பட்டியுமாகக் காரம் இறங்கிக் கண்ணில் நீர் வந்தது. பயம் மறந்தே போயிற்று. நான்கு நாளில் பாதிப் பானை காலி.

மனைவி பார்த்துவிட்டாள். "அடப்பாவி மனுசா! அது மக பிள்ளை பெத்ததும் குடுக்க இடிச்சு வச்சது. உங்களுக்கு எத்தனாவது மாசம்?"

"ஏழு நடக்குது," என்றேன்.

நாள் வந்தது. மடியில் மூன்று உருண்டை, வண்டியில் மனைவி. முதல் வளைவில் ஒன்று, இரண்டாவதில் ஒன்று. மூன்றாம் வளைவுக்கு வாய் வெந்துபோயிருந்ததால் ஓர் உருண்டை மிஞ்சியது. கண்ணை மூடிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன்.

கிட்டே வந்த மகள் மூக்கைச் சுளித்தாள். "என்னய்யா, உங்க வாயில பிள்ளை பெத்த வீட்டு வாசம் அடிக்குது?" அவள் அம்மா லேகியக் கதையைச் சொல்லிச் சிரித்த சிரிப்பில் சம்பந்தி வீடே வெளியே வந்தது.

வளையல் அடுக்கி முடித்து இறங்கினோம். நான் வண்டியில் ஏறவில்லை. நிறுத்துகிற இடத்திலெல்லாம் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கக் கையில் கல்லோடு பின்னாலேயே நடந்தேன். "ஏலே, மெதுவா! குலுங்குதுடா, பிள்ளைத்தாச்சி இருக்கா!"

வெகுநேரம் கழித்து மச்சினனைக் கேட்டேன்: "மூணாம் வளைவு வரப்போகுதா?"

"அது தாண்டி ரெண்டு வளைவு ஆச்சு மச்சான். அங்கன நின்னுதான தண்ணி வாங்கிக் குடிச்சீக?"

கேட்டதுதான் தாமதம், நெஞ்சில் உலக்கை விழத் தொடங்கியது. கை மடிக்குப் போயிற்று.

"அதை எனக்கு வச்சிருங்கய்யா," என்றாள் மகள் வண்டிக்குள்ளிருந்து. "ரெண்டு மாசத்துல வேணும்."

உருண்டையை மடியிலேயே விட்டேன். உலக்கை அதுபாட்டுக்கு இடித்தது. நான் என்பாட்டுக்குக் கல்லைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். கூடலூரில் அன்றைக்கும் நான்கு இட்லிதான்.