ராயகிரிக்குப் போக வேண்டிய மாக்னெட்டோ

மோட்டார் சைக்கிள் சாமான் வியாபாரத்தில் விற்பது ஒரு நாழிகை வேலை; விற்றதை வாங்கியவர் கையில் கொண்டு சேர்ப்பதுதான் ஆயுள் தண்டனை. பார்சல் கட்டியே கை காய்த்துப்போன அன்பர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள். இதைச் சொல்லும்போது இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது.

இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் சீமையிலிருந்து புதுச் சாமான் வருவது நின்றுபோயிற்று. மலைக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத் துரைகள் கழித்துவிட்ட பழைய வண்டிகளை வாங்கிப் பிரித்து, உருப்படியான பாகங்களைக் கேட்டவர்களுக்கு அனுப்புவது தென்காசியில் என் தொழில். கடைச் சுவரில் ஓர் அட்டை தொங்கும். தபால், ரயில், பஸ் என்று மூன்று பத்தி போட்டு, எதில் என்ன கூலி, எத்தனை நாள், எது எதில் உடையும் என்று நானே எழுதி வைத்தது. பக்கத்துக் கடைக்காரர்கள்கூட வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். அந்த அட்டையில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

எண்ணெய்க் கறை

ஆடி மாதம், ஒரு திங்கட்கிழமை காலை, ராயகிரியிலிருந்து மாட்டு டாக்டரின் கடிதம் வந்தது. சுற்று வட்டாரத்தில் மாடுகளைக் கொல்லும் வெக்கை நோய். ஊர் ஊராகப் போய் அவர் ஊசி போட வேண்டும். ஊசி மருந்துப் பெட்டியைக் கட்டிக்கொண்டு போகிற மோட்டார் சைக்கிளில் மாக்னெட்டோ செத்துவிட்டது. எஞ்சினுக்குள் பொறி தட்டுகிற கருவி அது. அது இல்லாவிட்டால் வண்டி வெறும் இரும்பு. மாட்டு வண்டியில் போகலாம் என்றால், இழுக்கிற மாடே நோயை அடுத்த ஊருக்குக் கொண்டுபோகும் என்பதால் அதுவும் முடியாது. "நடந்து போனால் ஒரு நாளைக்கு இரண்டு ஊர்தான் ஆகிறது. தாமதமில்லாமல் அனுப்பவும்" என்று எழுதியிருந்தார்.

என்னிடம் நல்ல மாக்னெட்டோ ஒன்றே ஒன்று இருந்தது. துடைத்து, மெழுகுத் துணி சுற்றி, மேலே காடாத் துணி தைத்து, அரக்கு முத்திரை வைத்துத் தபாலாபீசுக்கு எடுத்துக்கொண்டு ஓடினேன். குமாஸ்தா அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. ஓரத்தில் காசு அகலத்துக்கு எண்ணெய் கசிந்திருந்ததாம். தகரப் பெட்டி செய்து, ஈயம் பற்றவைத்துக் கொண்டு வா என்றார். தகர வேலைக்காரரோ இரண்டு நாள் கேட்டார். திரும்பி வந்து, ஊசிக்கு மாடுகள் காத்திருக்கின்றன ஐயா, அவசரம் என்றேன். அவர் முத்திரை குத்துவதை நிறுத்தவே இல்லை.

"உங்க அவசரம் உங்களோட. இந்த எண்ணெய் ஒரு கல்யாணக் கடுதாசியில பட்டுச்சுன்னா, அபசகுனம்னு ஊரே எங்கிட்டல்லா சண்டைக்கு வரும்."

ரயிலடியில் கிடைத்த யோசனை

செவ்வாய்க்கிழமை ரயிலடிக்குப் போனேன். பார்சல் குமாஸ்தா தடித்த புத்தகத்தைப் புரட்டிப் புரட்டி மாக்னெட்டோ என்ற பெயரைத் தேடினார். இசைக்கருவியா என்று கேட்டார். மருந்துப் பொருளா என்று கேட்டார். கடைசியில் பழைய இரும்பு என்று எழுதிக்கொள்கிறேன், உடைந்தால் ரயில்வே பொறுப்பில்லை என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு அதற்கும் சரி என்றேன்.

அப்புறம்தான் விஷயம் வந்தது. ராயகிரிக்கு ரயில் கிடையாது. சங்கரன்கோவிலில் இறக்கிவிடுவார்கள். ரசீதை நான் டாக்டருக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். அதை அவர் கையில் எடுத்துக்கொண்டு பதினைந்து மைலுக்கு மேல் வந்து சாமானை மீட்க வேண்டும். நோய் பரவுகிற நேரத்தில் அந்த மனிதர் எதில் ஐயா வருவார் என்று கத்தினேன். பிளாட்பாரத்தில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். குமாஸ்தா நல்ல மனிதர், கோபப்படவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி நிதானமாக யோசித்துவிட்டுச் சொன்னார்.

"அவருக்குத்தான் மோட்டார் சைக்கிள் இருக்குங்கியளே, அதுல வரச் சொல்லுங்க."

டிரைவரின் சத்தியம்

புதன்கிழமை பஸ். பெட்ரோல் கிடைக்காத காலம் அது. பஸ்ஸின் முதுகில் கொப்பரையைக் கட்டி, கரியைப் போட்டு எரித்து, அந்த வாயுவில் ஓட்டுவார்கள். மேடு வந்தால் ஜனங்கள் இறங்கித் தள்ள வேண்டும். ஆனாலும் சிவகிரி வரை போகும். அங்கிருந்து ராயகிரி எட்டிப்பிடிக்கிற தூரம். டிரைவருக்கு வெற்றிலைச் செலவுக்குக் கொடுத்துப் பார்சலை அவர் காலடியில் வைத்தேன். தன் பிள்ளைபோலக் கொண்டுபோய்ச் சேர்ப்பதாகச் சத்தியம் செய்தார்.

எனக்கும் மாதம் முழுவதற்கும் கூப்பனுக்கு அளந்து கொடுக்கிற பெட்ரோல்தான். காலையில் குற்றாலம் போய்க் குளித்துவிட்டு வருவதோடு என் மோட்டார் சைக்கிளைக் கடைக்குள் ஏற்றி நிறுத்திவிடுவேன். அந்த வாரம் சாரல் பிரமாதமாக இருந்தது. பார்சல் போய்விட்டது என்ற நிம்மதியில் வியாழனும் வெள்ளியும் ஆனந்தமாகக் குளித்தேன்.

சனிக்கிழமை டாக்டரிடமிருந்து தந்தி வந்தது. சாமான் வரவில்லை என்று. பஸ் நிற்கும் இடத்துக்குப் போய் டிரைவரின் சட்டையைப் பிடித்தேன். ஆள் அசையவில்லை.

"சாமான் பத்திரமா இருக்கு அண்ணாச்சி, எங்க மச்சான்கிட்டதான் இருக்கு. ஒரு நல்ல காரியத்துக்குக் கேட்டான், இல்லன்னு சொல்ல மனசு வரல."

அருவிக்கரை வைத்தியம்

மச்சான் குற்றாலத்தில் இருந்தார். அருவிக்குக் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிற ஆள். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். அருவிக்கரையில் ஒரு கூட்டம். நடுவே என் மாக்னெட்டோ, ஒரு பலகையில் அறைந்து, சுற்றுவதற்குக் கைப்பிடியும் போட்டு வைத்திருந்தது. எதிரே எண்ணெய் வழிய ஒரு பருமனான செட்டியார், கம்பியை முழங்காலில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மச்சான் கைப்பிடியைச் சுற்றினார். செட்டியார் ஒரு துள்ளுத் துள்ளி, வலி போயிற்று, இன்னொரு தரம் சுற்றப்பா என்றார். டிரைவர் பார்சலைப் பிரித்து அதைச் சுழற்றிப் பார்த்தபோது அவருக்கு ஒரு ஷாக் அடித்திருக்கிறது. அதிலிருந்துதான் இந்த முடக்குவாத வைத்தியம் பிறந்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன். பலகையோடு பிடுங்கினேன். கூட்டம் என்னைத்தான் திட்டியது, வரிசையில் காத்திருந்தவர்களாம். ராயகிரியில் மாடு சாகிறது, இது மாட்டு டாக்டருக்குப் போகிற சாமான், உனக்கு நெஞ்சில் ஈரம் இருக்கிறதா என்று மச்சானிடம் கேட்டேன். ஆத்திரத்தோடு ஆத்திரமாக அருவியில் தலையை நனைத்துக்கொண்டுதான் திரும்பினேன். கிளம்புமுன் மச்சான் சொன்ன பதில் இது.

"மனுசன் முட்டு மடக்க முடியாம வரிசையில நிக்கான், நீங்க மாட்டப் பத்திப் பேசுதிய. நல்லாருக்கு நியாயம்."

ராயகிரியிலிருந்து வந்தவர்

கடை வாசலில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். பெயர் வேலுச்சாமி, ராயகிரிக்கு அப்பால் ஒரு சிற்றூரில் விவசாயம் பார்க்கிற சம்சாரி. டாக்டர் அனுப்பினாராம். முந்தின நாள் ஏறிய கரி பஸ் வழியில் படுத்துவிட, மிச்சத்தை நடந்தே வந்திருக்கிறார். சோடி மாட்டில் வலத்து மாடு வியாழக்கிழமை செத்துவிட்டது. இடத்து மாடு தீவனம் எடுக்கவில்லை. டாக்டர் நடந்து வருகிற கணக்கில் இவர் ஊருக்குச் செவ்வாய்க்கிழமைதான் முறை வருமாம்.

நான் தபால் குமாஸ்தாவில் தொடங்கி மச்சான் வரைக்கும் எல்லாரையும் வரிசையாகத் திட்டினேன்; தினம் நான் குளிக்கப் போகிற குற்றாலத்திலேயே சாமான் கிடந்ததே என்றும் புலம்பினேன். வேலுச்சாமி அதற்குள் பலகையைப் பெயர்த்து எறிந்தார். மாக்னெட்டோவை மட்டும் தம் துண்டில் பொதிந்து மடியோடு அணைத்துக்கொண்டார். இந்தப் பஸ்ஸை இனி நம்புவதற்கில்லை என்று அவரை என் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். கடையநல்லூர், புளியங்குடி, வாசுதேவநல்லூர் எல்லாம் விறுவிறுவென்று பின்னால் போயின. முப்பது மைல் சொச்சம். ஒன்றரை மணி நேரம்கூட ஆகவில்லை.

ராயகிரியில் டாக்டர் தெருவிலேயே உட்கார்ந்து மாக்னெட்டோவைப் பூட்டினார். இரண்டாவது உதையில் வண்டி பிடித்தது. மருந்துப் பெட்டியோடு முதலில் வேலுச்சாமியின் தொழுவத்துக்குத்தான் போனார்; நாங்களும் பின்னாலேயே போனோம். என் வண்டியின் கைப்பிடியில் கட்டியிருந்த, அருவியில் தலை துவட்டிய துண்டு இன்னும் காயவில்லை. வேலுச்சாமி அதைத் தொட்டுப் பார்த்தார். அவர் முகத்தில் கோபமே இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

"தெனம் குத்தாலத்துக்குக் குளிக்கப் போற வண்டியா அண்ணாச்சி இது? திங்கக்கெழமையே இதுல வந்திருக்கலாம்லா, எனக்குச் சோடி மாடு இருந்திருக்கும்."

தபால், ரயில், பஸ் என்று ஒப்பிட்டு எழுதிய என் அட்டையில் 'நாமே போவது' என்று நாலாவது பத்தி ஒன்று போட, எனக்கு ஒரு வாரமும் வேலுச்சாமிக்கு ஒரு மாடும் செலவாயிற்று.