டைப்பிஸ்ட் அக்காவின் தாழ்வான சர்வீஸ்

ஷட்டில் காக்கின் இறகை இடது கை விரல்களால் பிடித்து இடுப்புக்குக் கீழே இறக்கிக்கொண்டு, வலது கையிலிருக்கும் மட்டையால் அதை மெல்லத் தள்ளிவிடுவார் டைப்பிஸ்ட் அக்கா. அது வலையை உரசுகிற மாதிரி போய், எதிரில் நிற்பவர் குனிவதற்குள் விழுந்துவிடும். தொண்ணூறுகளின் கடைசியில் மதுரையில் நான் வேலை பார்த்த அரசு அலுவலகத்தின் பின்பக்கம், சைக்கிள் ஸ்டாண்டை ஒட்டி ஒரு வலை கட்டியிருந்தார்கள். ஐந்தே முக்காலுக்கு மேல் அது எங்கள் இருவருக்கு. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முப்பது வயதுக்கு மேல் ஷட்டில் பழக வந்த எங்களைப் பார்த்து முதலில் சிரிக்காத ஆளில்லை.

எங்களுக்குச் சொல்லித்தர யாருமில்லை. பார்த்துப் பார்த்து நாங்களே பிடித்துக்கொண்டதுதான் எல்லாம். தோசைக் கரண்டியைப் பிடிப்பது போல மட்டையை இறுக்கினால் மணிக்கட்டு திரும்பாது. சர்வீஸை இடுப்புக்கு மேலிருந்து அடித்தால் ஃபவுல். உயரமாக வருவதைத் தலைக்கு மேலே எடுத்துக் கடைசிக் கோடு வரை அனுப்ப வேண்டும். அனுப்பப் போவது போல ஓங்கிவிட்டு வலையோரம் மெதுவாக இறக்கினால் எதிராளி ஏமாறுவார். இதைப் பழகவே எங்களுக்கு ஒரு வருடம் ஆனது. வீட்டில் சௌராஷ்டிரம் பேசும் அக்கா, தப்பாக அடித்துவிட்டால் தன் பாஷையில்தான் திட்டிக்கொள்வார். அதில் ஒரு சொல்லும் எனக்குப் புரியாது, ஆனால் சிரிப்பு வரும்.

இரண்டாம் வருடம் அலுவலகங்களுக்கிடையே இரட்டையர் போட்டி அறிவித்தார்கள். எனக்குப் பைத்தியமே பிடித்தது. அப்போதுதான் அக்கா தலைக்கு மேலே வருவதையெல்லாம் அடிக்காமல் விட ஆரம்பித்தார். "கையத் தூக்குங்கக்கா! நின்னு வேடிக்கை பாக்கிறீங்க?" என்று எல்லோர் முன்னாலும் கத்தியிருக்கிறேன். "இம்புட்டுத்தான்டி தூக்க முடியுது" என்பார், தோள் உயரத்தில் கையை நிறுத்திக் காட்டி. வயசாகிறது, சோம்பல் என்று நினைத்தேன். பிறகு ஒரு யோசனை தோன்றியது. அக்கா வலைக்குப் பக்கத்திலேயே நிற்க வேண்டியது; இடுப்புக்குக் கீழே வருவதெல்லாம் அவருக்கு. தலைக்கு மேலே வருவதெல்லாம் பின்னால் நிற்கும் எனக்கு. அவருடைய சர்வீஸை எதிரில் நிற்பவர்கள் தட்டுத்தடுமாறித் தூக்கிவிடுவார்கள், நான் ஓங்கி அடிப்பேன். என்ன மூளை என்று எங்கள் சூப்பிரண்டு பாராட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

போட்டிக்கு ஒரு வாரம் இருந்தது. விளாங்குடிப் பேருந்தில் இரண்டு பேர் சீட்டில் ஒட்டி உட்கார்ந்திருந்தோம். அக்கா என் கையை எடுத்துத் தன் வலது அக்குளில் வைத்தார். ரவிக்கைக்கு மேலேயே தெரிந்தது, புளியங்கொட்டையைவிடப் பெரிதாக, கல் மாதிரி ஒரு கட்டி. "மாருலயும் ஒண்ணு இருக்குடி. பெரியாஸ்பத்திரிக்குப் போகலாமான்னு பாக்கிறேன். வீட்ல இன்னும் சொல்லல. அவரு பயந்துக்குவாரு" என்றார். அது சாதாரணக் கட்டி இல்லை என்று தொட்டதுமே எனக்குப் பட்டது. அதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை. ஆனால் நான் சொன்னது இதுதான்: "சூட்டுக் கட்டியாத்தான்க்கா இருக்கும். இப்பப் போனா அறுக்கணும் கிறுக்கணும்பாங்க. மேட்ச் முடியட்டும், நானே கூட வாரேன்." அக்கா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, "சரி, நீ சொன்னாச் சரி" என்றார்.

நாங்கள் ஜெயித்தோம். ஜெயித்ததால் அடுத்த மாதம் திருச்சியில் ஆட வேண்டியிருந்தது. அதையும் முடித்துவிட்டுப் போகலாம் என்றேன். அக்கா மறுக்கவில்லை. திருச்சியில் முதல் ஆட்டத்திலேயே தோற்றோம். எதிரில் ஆடியவர்கள் அவருடைய கையைக் கவனித்துவிட்டார்கள். எல்லாவற்றையும் அவர் தலைக்கு மேலேயே போட்டார்கள். திரும்பி வரும்போது நான் அவருடன் சரியாகப் பேசக்கூட இல்லை.

கடைசியில் வீட்டில் தெரிந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது கட்டி நெஞ்சைத் தாண்டிப் பரவியிருந்தது. நான் போய் நின்றதும் அவருடைய கணவர் எழுந்து வந்தார். பட்டு நூலுக்குச் சாயம் போடும் மனிதர். நகக்கண்ணில் எப்போதும் சிவப்பு இருக்கும். "உங்ககிட்டயாவது சொன்னாளாம்மா? மாசக்கணக்கா வச்சிருந்திருக்கா" என்றார். அக்கா கட்டிலிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இல்லண்ணே" என்றேன். அவர் அக்காவைத் திரும்பிப் பார்த்தார். அக்கா தன் பாஷையில் ஏதோ ஒரே வரி சொன்னார். அதைக் கேட்டதும் அந்த மனிதர் தான் உட்கார்ந்திருந்த ஸ்டூலை எனக்கு நகர்த்திப் போட்டுவிட்டு, காபி வாங்கக் கீழே போனார். அவர் வருவதற்குள் அக்காவிடம் நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். அடுத்த தை மாதம் அக்கா போய்விட்டார்.

இத்தனை வருடத்தில் அந்த ஒரு வரிக்கு என்ன அர்த்தம் என்று யாரிடமும் கேட்கத் துணியவில்லை. போன மாதம் கோரிப்பாளையம் நிறுத்தத்தில் அக்காவின் கணவரைப் பார்த்தேன். நன்றாகத் தளர்ந்துவிட்டார். பேருந்து வரும்வரை வழக்கமாகச் சொல்வதையே சொன்னார். "உசுருக்கு உசுரா இருந்தீங்க, உங்ககிட்டகூடச் சொல்லாமப் போயிட்டாளேம்மா." வழக்கம்போல நானும் ஆமாண்ணே என்றேன்.