ஆம்பூரில் ஒரு கிரேக்கத் தெய்வத்துக்குச் செருப்பு தைத்த நாள்

ஆம்பூருக்கு வெளியூர்க்காரர்கள் இரண்டு காரணங்களுக்காகப் போவார்கள்: ஒன்று பிரியாணி, இன்னொன்று தோல். நான் மூன்றாவது காரணத்துக்காகப் போனேன். பண்டைய கிரேக்கக் கவிஞர்கள் தங்கள் தெய்வங்களுக்குக் காலில் என்ன மாட்டிவிட்டார்கள் என்று ஒரு காலணித் தொழிற்சாலைக்கு நேரில் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. இருபது ஆண்டுகளாக அந்தக் கவிதைகளின் மொழிபெயர்ப்புகளை வாங்கி அடுக்கிக்கொண்டிருக்கிறேன். அவற்றால் யாருக்காவது பயன் வரும் என்று என் வீட்டில் ஒருவரும் நம்பியதில்லை. நானும் நம்பியதில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை கல்லூரி நண்பன் பாஸ்கர் போன் செய்தான். ஆம்பூருக்கு வெளியே உள்ள ஓர் ஏற்றுமதித் தொழிற்சாலையில், வெளிநாட்டு வாடிக்கையாளர்களோடு பேசிச் சமாளிப்பது அவன் வேலை. ஏதென்ஸில் ஒரு நாடகக் குழு, தங்கள் புது நாடகத்தில் வரும் தெய்வங்களுக்கு இங்கே செருப்பு செய்யச் சொல்லியிருந்தது. முதலில் தூதுத் தெய்வமான ஹெர்மீஸ். தங்க நிறச் செருப்பு, கணுக்காலில் சிறகு. இரண்டு முறை செய்து அனுப்பி, இரண்டும் திரும்பிவிட்டன. வியாழக்கிழமை குழுவின் ஆடை அமைப்பாளரே நேரில் வருகிறார்.

"நீதான் அந்தச் சாமிங்களப் பத்தி எப்பப் பாரு பேசிக்கினு இருப்பியே, ஒரு நாள் வந்துட்டுப் போடா. இதுவும் புட்டுக்கிச்சுன்னா எங்க கலைச்செல்விய திரும்ப தையல் லைன்ல உக்கார வெச்சிருவாங்க" என்றான்.

கலைச்செல்வி பேர்ணாம்பட்டுப் பக்கத்துக்காரர். ஒன்பது ஆண்டுகள் தையல் மெஷினில் உட்கார்ந்து, இடையில் டிப்ளமோவும் முடித்து, போன ஆண்டுதான் சாம்பிள் ரூமுக்கு வந்தவர். தானே வரைந்து, தானே வெட்டிய அவருடைய முதல் மாடல் இது. மூன்றாவதும் திரும்பினால் பழைய இடம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். கிரேக்கத் தெய்வத்தால் சோதனைக்கு உள்ளான முதல் பேர்ணாம்பட்டுக்காரர் அவராகத்தான் இருக்க வேண்டும்.

வழி விவரம். சென்னை சென்ட்ரலில் காலை 6 மணிக்கு மேல் ரயில் ஏறினேன். அது ஆம்பூரில் நிற்காது என்று டிக்கெட் எடுத்த பிறகு தெரிந்தது. நீங்கள் முதலிலேயே பார்த்துவிடுங்கள். காட்பாடி 130 கி.மீ., இறங்கும்போது 8.15. அங்கிருந்து வேலூர் புதிய பேருந்து நிலையத்துக்கு ஷேர் ஆட்டோ 20 ரூபாய். வேலூரிலிருந்து ஆம்பூர் ஏறக்குறைய 50 கி.மீ. பேருந்தில் 48 ரூபாய், ஒன்றே கால் மணி நேரம். வலது பக்க ஜன்னலில் இடம் பிடித்தால் வெயில் படாது என்று கண்டக்டர் சொன்னார். பட்டது. "மேகம் இருந்துச்சுன்னா படாது சார்" என்று பிறகு விளக்கினார்.

ஆம்பூர் பேருந்து நிலையத்திலிருந்து தொழிற்சாலை 4 கி.மீ. ஆட்டோக்காரர் 120 கேட்டார்.

"ஜாஸ்தியா இருக்கே பாய்."

"கம்மி பண்ணலாம் சார். ஆனா பாதி வழியில எறக்கி உட்டா நீங்க பேஜார் ஆயிடுவீங்க."

நியாயமாகப் பட்டது. 100 கொடுத்தேன், முழு வழியும் வந்தார்.

சாம்பிள் ரூம் என்பது இரண்டு நீள மேசை, நான்கு மெஷின், சுவர் முழுக்கத் தொங்கும் அட்டை வடிவங்கள். மேசையில் இரண்டு தங்கச் செருப்புகள் இருந்தன. இரண்டும் வலது கால். முதலாவதன் கணுக்காலில் இரு பக்கமும் சிறகு. இரண்டாவதில் வெளிப்பக்கம் மட்டும்.

"சூப்பரா இருக்கே, இதை ஏன் திருப்பினாங்க?" என்றேன்.

"மேசை மேல சூப்பராதான் சார் இருக்கும்" என்றார் கலைச்செல்வி. "கால்ல போட்டாதான் வெவகாரம்."

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. சாம்பிள் என்றால் ஒற்றைக் கால்தான் செய்வார்கள். ஒரு காலைப் பார்த்தால் மறு காலைத் தெரிந்துகொள்ளலாம், தோல் மிச்சம். ஒற்றைக் கால் சாம்பிளை ஏதென்ஸில் மேசைமேல் வைத்துப் பார்த்து எல்லோரும் மகிழ்ந்திருக்கிறார்கள். பிறகு இங்கிருந்து ஜோடியாகச் செய்து அனுப்பினார்கள். நடிகர் அதைப் போட்டு மேடையில் மூன்றாவது அடி வைத்தபோது, வலது காலின் உள்சிறகும் இடது காலின் உள்சிறகும் கோத்துக்கொண்டன. "தெய்வம் விழுந்துவிட்டது" என்று மின்னஞ்சல் வந்தது. அடுத்து உள்சிறகை எடுத்துவிட்டு, மறுபடியும் ஒற்றைக் கால் சாம்பிள், மறுபடியும் மேசை, மறுபடியும் மகிழ்ச்சி, பிறகு ஜோடி. இந்த முறை பத்து அடி நடந்ததும் சிறகுகள் தொங்கிவிட்டன. "தெய்வத்துக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டிருந்தார்கள்.

"சீக்கு வந்த கோழி மாதிரி இருந்துச்சு சார்" என்றார் முனிரத்னம். இவர் டெஸ்பாட்ச் பிரிவில் வேலை செய்பவர். இந்தக் கட்டடத்துக்கும் அந்தக் கட்டடத்துக்கும் காகிதங்களோடு ஓடுவது உத்தியோகம். கால் அளவு மிகச் சரியாக 42 என்பதால், ஆண்கள் செருப்பு எதுவானாலும் முதலில் இவர் காலில்தான் ஏறும். முழு ஆலையின் எதிர்காலமும் தன் பாதங்களில் இருப்பதாக அவருக்கு ஓர் எண்ணம். அதில் உண்மை இல்லை என்றும் சொல்ல முடியாது.

"சார், முதல்ல ஒண்ணு சொல்லுங்க, இந்தச் சாமிங்கள்லாம் எப்படிப்பட்டவங்க?" என்றார் கலைச்செல்வி.

சொன்னேன். அந்தக் கவிஞர்களின் தெய்வங்கள் நம்மைப் போலவே இருப்பார்கள். அளவு பெரிது, சாவு கிடையாது. கோபம், பொறாமை, களவு எல்லாம் உண்டு. போரில் அடிபட்டால் ஆயிரக்கணக்கான பேர் சேர்ந்து கத்துவதுபோல் கத்துவார்கள். உடம்பில் ஓடுவது ரத்தமல்ல, வேறொரு தெளிந்த நீர். விருந்தில் புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போடுவார்கள். கால் ஊனமான மகன், தொழிலில் கொல்லன், எழுந்து எல்லோருக்கும் பானம் ஊற்றிச் சிரிக்க வைத்துச் சண்டையை நிறுத்துவான்.

"எங்க மாமியார் வீடு மாதிரியே கீது" என்றார் முனிரத்னம்.

ஹெர்மீஸ் பிறந்த அன்றைக்கே தொட்டிலிலிருந்து இறங்கிப்போய் அண்ணனின் மாடுகளைத் திருடியதாக ஒரு பழைய பாட்டு உண்டு. தடம் தெரியாமலிருக்கக் குச்சிகளையும் தழைகளையும் முறுக்கித் தனக்கே செருப்பு செய்துகொண்டான். இரண்டு மாடுகளை அறுத்து, தோலைப் பாறைமேல் விரித்துவைத்தான். இதையும் சொன்னேன். முனிரத்னம் ஓரடி முன்னால் வந்தார்.

"பச்சத் தோலா சார்?"

"ஆமாம்."

"உப்பு போட்டானா?"

பாட்டில் உப்பு இல்லை என்று ஒப்புக்கொண்டேன். முனிரத்னம் தலையை ஆட்டினார். "சாயங்காலத்துக்குள்ள நாறிப் பூடும். கொழந்தப் புள்ள, இன்னா தெரியும்."

இவ்வளவு காலமும் நான் படித்த உரையாசிரியர் ஒருவரும் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

"சிறகு பத்தி இன்னா எழுதியிருக்காங்க?" என்றார் கலைச்செல்வி. நான் வந்ததே இதற்காகத்தான். ரயிலில் ஒரு முறை சரிபார்த்தும் வைத்திருந்தேன். மிகப் பழைய பாடல்களில் அந்தச் செருப்புக்குச் சிறகே இல்லை. அழகானது, பொன்னாலானது, அழியாதது, கடல்மீதும் நிலத்தின்மீதும் காற்றோடு சேர்ந்து அவனைக் கொண்டுபோவது, அவ்வளவுதான். சிறகெல்லாம் பின்னால் வந்த பாடகர்களும் பானையில் படம் வரைந்தவர்களும் மாட்டிவிட்டது.

"அவனுக்கு யாராச்சும் மாட்டி உடுவாங்களா?"

"இல்ல. அவனே குனிஞ்சு கட்டிக்குவான். தூது கிளம்பும்போதெல்லாம் அந்த வரி வரும்."

"கட்டிக்குவான்னா பக்கிள் இல்ல, வாரு" என்று பென்சிலை எடுத்தார். "நிக்கும்போது எப்படி இருக்கும்னு எங்கயாச்சும் எழுதியிருக்கா?"

யோசித்துப் பார்த்தேன். இல்லை. கிளம்பும்போது மட்டும்தான் அந்தச் செருப்பு பாட்டில் வருகிறது.

நம் பக்கத்துக் கவிஞர்கள் தெய்வத்தைப் பாதத்திலிருந்து தொடங்கி முடிவரை பாடுவார்கள். பாதம் தாமரை, பாதம் தளிர். அந்தத் தளிரில் சிலம்பு பூட்டுவார்கள், செருப்பு மாட்ட அநேகமாக யாருக்கும் மனம் வரவில்லை. கிரேக்கக் கவிஞர்களோ தெய்வத்தைக் குனியவைத்து வாரைக் கட்டவைத்தார்கள். நான் இப்படி ஒரு சிற்றுரை ஆற்றி முடித்தபோது கலைச்செல்வி அட்டை வெட்டி முடித்திருந்தார்.

"பின்னாடி குதிகால்ல ரெண்டு வாரு, மெலிசா, லூசா உடறேன். நின்னா சும்மா தொங்கும். ஓடுனா காத்துல எழும்பும். தரையைத் தொடாத அளவு வெச்சிட்டா மாட்டிக்காது." பிறகு பாஸ்கரைப் பார்த்தார். "சார், இந்த வாட்டி ரெண்டு காலும் போடறேன்."

"சாம்பிளுக்கு ஒத்தக் கால்தானே கலை? ஸ்டோர்ல கேப்பாங்க."

"தூது போறவன் ஒத்தக் கால்லயா சார் ஓடுவான்?"

பாஸ்கர் ஸ்டோருக்குத் தானே போய் ஆட்டுத்தோலுக்குக் கையெழுத்துப் போட்டான். பதினெட்டு ஆண்டு நட்பில் அவன் செய்த வீரச்செயலாக இதைத்தான் குறிப்பிட வேண்டும்.

இடையில் 1 மணிக்குச் சாப்பிடப் போனோம். மட்டன் பிரியாணி 190 ரூபாய், கத்தரிக்காய் இலவசம், இரண்டாம் முறை கேட்டாலும் முகம் சுளிக்காமல் தருகிறார்கள். அந்தக் கவிஞர்களின் தெய்வங்களுக்குக் கறி வேண்டாம், எரியும் எலும்பும் கொழுப்பும் கிளப்பும் புகை போதும். ஆம்பூர் கடைவீதியில் அவர்கள் பட்டினி கிடக்க வாய்ப்பே இல்லை.

ஆடை அமைப்பாளர் எலேனி 3.20-க்குக் காரில் வந்து இறங்கினார். ஐம்பது வயதிருக்கும். மேசையைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "சிறகு எங்கே?"

ஆங்கிலத்தில் விளக்கம் சொல்லும் பொறுப்பு என்னுடையது. பழைய பாடல்கள், பின்னால் வந்த பானைகள் எல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். அந்த வரிகளைப் பள்ளியில் மனப்பாடம் செய்ததாகவும், பரீட்சை முடிந்த அன்று மறந்துவிட்டதாகவும் சொன்னார். எங்கள் ஊரிலும் அதுதான் நடைமுறை என்று ஆறுதல் சொன்னேன்.

"ஆனால் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவர் பாட்டைப் படித்துவிட்டு வரமாட்டார். வருவது யார் என்று அவருக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார் எலேனி.

நான் பாஸ்கரைப் பார்த்தேன். பாஸ்கர் தரையைப் பார்த்தான். கலைச்செல்வி கேள்வியை எங்களைத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டு, "ஓடச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்க" என்றார்.

முனிரத்னம் குனிந்து வாரைக் கட்டினார். காக்கிச் சட்டை, மடித்த பேன்ட், கீழே தங்கம். அந்த நேரம் பார்த்து கேட்டில் கண்டெய்னர் லாரி ஹாரன் அடித்தது. ஏற்றுமதிக் காகிதம் அவர் சட்டைப் பையில். "ஐயோ, அவன் போய்டுவான்!" என்று அப்படியே வெளியே பாய்ந்தார்.

நாங்கள் வாசலுக்கு ஓடினோம். நூற்றைம்பது அடி முற்றம், மாலை வெயில். முனிரத்னம் காகிதத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். குதிகாலுக்குப் பின்னால் பொன் வார்கள் எழும்பி, படபடவென்று அடித்துக்கொண்டு, ஒன்றோடொன்று சிக்காமல் பறந்தன. ஒரு பள்ளத்தைத் தாண்டினார். விழவில்லை. லாரி டிரைவர் காகிதத்தை வாங்கிக்கொண்டு காலைப் பார்த்து, "இன்னாண்ணா, கல்யாணமா?" என்றார்.

நானும் பாஸ்கரும் முனிரத்னத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கலைச்செல்வி அவரைப் பார்க்கவே இல்லை. எலேனியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகம் முதலில் இறுகி, பிறகு வாய் திறந்து, பிறகு பெரிதாகச் சிரித்தது. "தெரிகிறது! கடைசி வரிசைக்கும் தெரிகிறது!" என்று போனை எடுத்தார்.

முனிரத்னம் அதன்பின் ஆறு முறை ஓடினார். மாடிப்படி ஏறினார், இறங்கினார், கேட்காமலே ஒரு முறை குதித்தும் காட்டினார். 4.35-க்கு எலேனி ஒப்புதல் அட்டையில் கையெழுத்திட்டு, வாரில் கட்டித் தொங்கவிட்டார். கலைச்செல்வி அதை ஒரு முறை படித்தார், திருப்பிப் பின்பக்கத்தையும் படித்தார். பின்பக்கத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அதைத்தான் அதிக நேரம் படித்தார்.

அடுத்து தலைமைத் தெய்வம் ஜீயஸ். அவருக்குக் காலில் என்ன என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தூதுவன் செருப்பு கட்டுகிறான், ராணி கட்டுகிறாள், அறிவுத் தெய்வம் கட்டுகிறாள். ஆனால் தலைவர் குனிந்து கட்டியதாக நான் படித்த பாட்டில் ஒரு வரியும் நினைவில்லை. அவர் தலையை அசைப்பார், மலை குலுங்கும். வேலைக்கு மற்றவர்களை அனுப்புவார்.

"ஓனரு எங்க சார் நடக்கப் போறாரு" என்றார் முனிரத்னம்.

"அப்போ வெறுங்காலா? ஒரு ஜோடி கம்மியாகுதே" என்று பாஸ்கர் கவலைப்பட்டான்.

கலைச்செல்விதான் முடித்துவைத்தார். "சாமி நடக்க வேணாம் சார். அந்த வேஷம் கட்டறவரு மனுஷன்தானே. மேடையில ஆணி இருந்தா குத்தும். அவரு கால் சைஸ் இன்னான்னு கேளுங்க."

நாற்பத்தாறு என்றார் எலேனி.

"அப்ப பெரிய சாமிதான்" என்று குறித்துக்கொண்டார்.

அந்தக் கவிஞர்கள் தெய்வங்களுக்கு மனித உடம்பு கொடுத்ததைப் பலர் குறையாகச் சொல்லியிருக்கிறார்கள். கிரேக்க அறிஞர்களே சிலர் கண்டித்திருக்கிறார்கள். எனக்கு இப்போது வேறு மாதிரி தோன்றுகிறது. கால் இருந்தால் நடக்க வேண்டும், நடந்தால் தேயும், தேய்ந்தால் யாராவது தைக்க வேண்டும். இவ்வளவு தூரத்துச் சாமிகளுக்கும் ஆம்பூரில் ஒருவர் அளவெடுக்க முடிந்தது அதனால்தான்.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். ஆம்பூரில் நிற்கும் ரயிலாகப் பார்த்து ஏறுங்கள். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்காகப் பல கடைகள் சிறிது நேரம் மூடியிருக்கும், அதற்கேற்பத் திட்டமிடுங்கள். செருப்பு வாங்கினால் இரண்டு காலிலும் போட்டுப் பத்தடி நடந்து பாருங்கள். கடைக்காரர் கோபிக்க மாட்டார். என் மொத்தச் செலவு, பிரியாணி சேர்த்து, 650 ரூபாய்க்குள். தொழிற்சாலைக்குள் சும்மா விடமாட்டார்கள், உள்ளே தெரிந்தவர் பெயர் சொல்ல வேண்டும். கேட்டில் வெறுமனே கலைச்செல்வி என்று சொல்லிவிடாதீர்கள், தையல் லைனில் இரண்டு கலைச்செல்விகள் இருக்கிறார்கள். சாம்பிள் ரூம் கலைச்செல்வி என்று சொல்லுங்கள்.