பின்பக்கம் எழுதி வந்த போட்டோ

போன மாதம் எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் என் அண்ணன் மகன் ஒரு படம் போட்டான். காளையார்கோவில் பக்கம் இருக்கும் எங்கள் ஊரின் பழைய தபால் ஆபீஸ். ஓடு வேய்ந்த ஒற்றை அறை, பூட்டிய கதவு, சுவரில் பெயின்ட் உரிந்த சிவப்புப் பெட்டி. இந்த ஆபீஸைப் பற்றி எல்லோரும் ஒரு நினைவு எழுதுங்கள் என்று கீழே கேட்டிருந்தான். ஆளாளுக்கு உருகினார்கள். பொங்கல் வாழ்த்து அட்டை, பதினொரு மணி பஸ்ஸில் வரும் தபால் பை, அரக்கு வாசம். நான் கட்டைவிரல் ஒன்றைப் போட்டுவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன்.

எனக்கும் அந்த அறையில் ஒரு நினைவு உண்டு.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். அப்பா ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். திருச்சிப் பக்கமிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளைக்கு அரசாங்க வேலை. முதலில் பெண்ணின் போட்டோவை அனுப்புங்கள் என்றார்கள். அம்மா என்னைக் காரைக்குடிக்குக் கூட்டிப்போய் ஒரு ஸ்டூடியோவில் உட்காரவைத்தாள். சின்னம்மாவிடம் இரவல் வாங்கிய பட்டுச்சேலை. முதுகுக்குப் பின்னால் ஏரியும் அன்னமும் வரைந்த திரை.

ஸ்டூடியோக்காரரிடம் பழைய போட்டோத் தாள் ஒரு கட்டு மிச்சம் இருந்தது. பின்பக்கத்தில் தபால் அட்டை போலவே நடுவில் கோடும், தபால்தலைக்குக் கட்டமும் அச்சடித்த தாள்.

"அந்தக் காலத்துல இதுலதான் படம் போட்டு, பின்னாடி ரெண்டு வரி எழுதி, பர்மாவுக்கும் மலேயாவுக்கும் அனுப்புவாக. இப்ப யாரு கேக்குறா" என்றார். என் படத்தை அதில்தான் போட்டுக் கொடுத்தார். அப்பா அதைக் கவரில் வைத்து, மரியாதையாக ஒரு கடிதமும் எழுதி அனுப்பினார்.

மூன்று வாரம் பதில் இல்லை. ஒரு நாள் அப்பா பள்ளிக்கூடம் கிளம்பும்போது, "தபால் ஆபீசுக்கு ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாம்மா" என்றார். போனேன். பை வரும் நேரத்துக்கு அங்கே நாலைந்து பேர் எப்போதும் இருப்பார்கள். போஸ்ட்மாஸ்டர் பையைப் பிரித்து ஒவ்வொரு பெயராகச் சத்தமாகப் படிப்பார். அன்றைக்கும் படித்தார். அப்பா பெயர் வரவில்லை. நான் படியிறங்கப் போனேன்.

"நீ கொஞ்சம் இரு தாயி" என்றார்.

நோட்டுக்கு அடியில் செருகி வைத்திருந்த ஒன்றை எடுத்து நீட்டினார். "அப்பாட்ட குடுத்துரு." எப்போது பார்த்தாலும் அம்மாவின் முட்டிவலி வரைக்கும் விசாரிக்கிற மனிதர், என் முகத்தைப் பார்க்காமல் மைப்பெட்டியை மூடிக்கொண்டிருந்தார். படித்துவிட்டார் என்று அதிலேயே தெரிந்துபோனது. பெஞ்சில் இருந்த இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள்.

கையில் என் போட்டோ. கவர் இல்லை. வழியில் யாரோ எது முன்பக்கம் என்று பார்க்காமல் முத்திரையைக் குத்தியிருக்கிறார்கள். கருப்பு வட்டம் என் கன்னத்தில் பாதியும் கழுத்தில் பாதியுமாக விழுந்திருந்தது. திருப்பினேன். தபால்தலைக் கட்டத்தில் தபால்தலை. வலது பக்கம் அப்பாவின் பெயர், 'ஆசிரியர் அவர்கள்' என்று. இடது பக்கம் இரண்டு வரி. பெண்ணின் நிறம் பையனுக்குப் பிடிக்கவில்லை. வேறு இடம் பார்த்துக்கொள்ளவும்.

ஒரு கவரில் போட்டு ஒட்ட அவர்களுக்குத் தோன்றவில்லையா, இவர்களுக்கு இது போதும் என்று நினைத்தார்களா, இன்றுவரை எனக்குத் தெரியாது. அங்கிருந்து எங்கள் ஊர் வரைக்கும் எத்தனை கை மாறியிருக்கும் என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன்.

சாயங்காலம் தண்ணீர்க் குழாயில் பக்கத்து வீட்டு அக்கா குடத்தை நகர்த்தி எனக்கு இடம் விட்டார். "வருத்தப்படாத. கறுப்புன்னா என்ன, களையாத்தான இருக்க" என்றார். ஆறுதல்தான். நான் குடத்தை நிரப்பாமலேயே திரும்பினேன்.

அப்பா அந்த அட்டையை இரண்டு முறை படித்தார். அவர்களுக்கு நாலு வார்த்தை சூடாக எழுதுவார் என்று எதிர்பார்த்தேன். போஸ்ட்மாஸ்டரிடமாவது போய்ச் சத்தம் போடுவார் என்று நினைத்தேன். ஒன்றும் செய்யவில்லை. அடுத்த சனிக்கிழமை என்னை அதே ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போனார். நான் பக்கத்தில் நிற்கும்போதே, "கொஞ்சம் செவப்பாத் தெரியிற மாதிரி போட்டுக் குடுங்க" என்றார்.

"அதெல்லாம் பண்ணிரலாம் சார்" என்றார் ஸ்டூடியோக்காரர்.

பண்ணினார். பவுடரை அப்பி, விளக்கை முகத்துக்கு நேரே வைத்து, பிறகு உள்ளே இருட்டறையில் என்னவோ செய்து, வேறு யாரோ ஒருத்தியை என் மூக்கோடு எடுத்து வந்தார். அந்தப் படம் திரும்பி வரவில்லை. புதுவயல் அரிசி ஆலையில் கணக்கெழுதும் மாப்பிள்ளைக்கு அது பிடித்துப்போனது. கல்யாணமாகி மூன்றாம் நாள் அவர், "போட்டோவுல செவப்பா இருந்தியே" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. வாங்கிய சாமானைப் பற்றிக் கேட்பது போலக் கேட்டார். அவர் கெட்டவர் இல்லை, அதற்குப் பிறகு அதைப் பேசவும் இல்லை. மாமியார் இருந்தவரை பேசினார்.

அப்பா இறந்த பிறகு அவருடைய புத்தகங்கள் என்னிடம் வந்தன. ஒரு ஜெபப் புத்தகத்துக்குள் அந்த அட்டை இருந்தது. ஏன் கிழிக்காமல் வைத்திருந்தார் என்று கேட்க ஆள் இல்லை. ஒரு வார்த்தை, 'தப்புப் பண்ணிட்டேம்மா' என்று சொல்லியிருக்கலாம். சொல்லாமலே போய்விட்டார்.

குழுவில் நான் எதுவும் எழுதாததால் அண்ணன் மகன் இப்போது நான் இருக்கும் காரைக்குடி வீட்டுக்கே வந்துவிட்டான். பழைய தபால் அட்டைகள் சேகரிக்கிறானாம்.

"அத்தை, ஒங்கட்ட ஏதாச்சும் இருக்குமே."

இருக்கிறது என்று எடுத்துக் கொடுத்தேன். முன்பக்கம் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "போட்டோ கார்டு. அதுவும் முத்திரை விழுந்தது. இதெல்லாம் கெடைக்கவே கெடைக்காது அத்தை." பின்பக்கம் திருப்பினான். படித்தான். மறுபடி முன்பக்கத்துக்கே திருப்பினான்.

"பின்னாடி வேணாம். முன்பக்கத்த மட்டும் குரூப்புல போட்டுர்றேன்."

"போட்டா ரெண்டு பக்கமும் போடு. இல்லாட்டி விட்டுரு."

ஸ்கேன் எடுத்துத் தருகிறேன் என்று அட்டையை வாங்கிக்கொண்டு போனான். ஒரு வாரம் குழுவில் எதுவும் வரவில்லை. பிறகு அண்ணி போன் பண்ணினார்.

"எதுக்கும்மா இப்பப் பழசெல்லாம் கெளறுறீக. மாமா பேரு ஊருல எப்புடி இருக்கு. இதப் பாத்தா நாலு பேரு என்ன சொல்லுவாக."

"அந்த நாலு பேரும் அப்பவே படிச்சிட்டாக அண்ணி. கார்டக் குடுத்து விடுங்க" என்றேன்.

சரி என்றார். பதினைந்து நாளாகிறது. இன்னும் கொடுத்து அனுப்பவில்லை.