ஒன்றரை அடி பின்னால்

பக்கவாதம் வந்த பிறகு வீரமுத்துவின் வாயில் ஒரே ஒரு சொல்தான் மிஞ்சியது: ‘வேணாம்.’ தண்ணீர் கேட்க வாயெடுத்தாலும் வேணாம், முதுகு அரித்தாலும் வேணாம். உள்ளே எல்லாச் சொற்களும் ஒழுங்காகத்தான் இருந்தன. நாக்குக்கு வரும்போது அந்த ஒன்றாகவே வந்து விழுந்தன. முதல் இரண்டு மாதம் மனைவி புஷ்பவள்ளிக்கு அது பிடிபடவில்லை. சோற்றைக் கொண்டுவந்து வைப்பாள், அவர் வேணாம் என்பார், அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். அவர் பசியோடு கிடப்பார். பிறகுதான் புருஷனின் வாயை விட்டுவிட்டுக் கண்ணைப் பார்க்கப் பழகினாள்.

அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. மலேசியாவில் சுவா என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவர். பதினாறு வயதில் ஒரு சீனத் தவ்கே முதலாளியின் லாரியில், மூட்டை தூக்கி டயர் கழற்றும் கெலிண்டானாக ஏறினார். முப்பத்தேழில் சொந்தமாக ஒரு பழைய ஆறு சக்கர டிப்பர் வாங்கினார். அந்த லாரியில் பத்தொன்பது வருஷம் எண்ணெய் மில்லுக்குச் செம்பனைக் குலை ஏற்றினார். வண்டியின் எந்த போல்ட்டு எப்போது தளரும் என்று கை வைத்தே சொல்வார். ஒரு நாள் காலையில் மில்லுக்கு வெளியே வரிசையில் நின்றபோது வலது கை ஸ்டியரிங்கிலிருந்து நழுவி மடியில் விழுந்தது. அதை யாருடைய கையோ என்று பார்த்தது மட்டும் அவருக்கு ஞாபகம் இருந்தது.

அதன்பின் இரண்டு வருஷம் லாரி வீட்டுப் பக்கத்துத் தகரக் கொட்டகையில் நின்றது. எஞ்சின் இறுகிவிட்டது. ரோட்டு லைசென்சும் போய்விட்டது. புஷ்பவள்ளி செம்பனைத் தோட்டத்தில் குலையிலிருந்து சிந்தும் உதிரிப்பழம் பொறுக்கப் போனாள்.

வீரமுத்துவின் தம்பி அர்ச்சுனன் சின்னத் தோட்டம் வைத்திருக்கும் காட்டுக்காரர்களிடம் பழம் வெட்டும் காண்ட்ராக்ட் எடுத்திருந்தான். கையில் ஒரு பழைய டிராக்டர் இருந்தது, இழுக்க ட்ரெய்லர் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பசியாற வந்தவன் தோசையைப் பிட்டுக்கொண்டே பேச்சை எடுத்தான்.

“அண்ணி, வண்டி சும்மாத்தானே நிக்குது. துருப் பிடிச்சு மண்ணாப் போறதுக்கு, வெட்டி ட்ரெய்லர் ஆக்கிடலாம். தோட்டத்துக்குள்ள ஓடறதுக்கு லைசென்ஸெல்லாம் தேவையில்ல லா. நீங்களும் என்கூடவே வேலைக்கு வந்துடலாம்.”

“உங்க அண்ணன்கிட்ட ஒரு வார்த்த கேட்டுடுங்க தம்பி.”

“கேட்டா என்ன சொல்வாருன்னு தெரியாதா அண்ணி?”

புஷ்பவள்ளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வீரமுத்து நாலடி தள்ளிச் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

அடுத்த வாரமே மகேந்திரன் கேஸ் சிலிண்டரோடு வந்து இறங்கினான். சுவாவில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவன். கைவேலைக்காரன்தான், ஆனால் வாசல் கேட்டும் ஜன்னல் கிரில்லும் செய்தே பழகியவன். நெருப்பு முதலில் ஓட்டுநர் அறையின் அடியில் பட்டது. வீரமுத்து “வேணாம், வேணாம்” என்று கத்தினார். அன்றைக்கு அவர் சொன்னதும் நினைத்ததும் ஒன்றாகவே இருந்தது. இடது கையால் நாற்காலிச் சக்கரத்தை உருட்டிக் குறுக்கே போகப் பார்த்தார். ஒற்றைக் கையால் உருட்டியதில் நாற்காலி இருந்த இடத்திலேயே சுற்றியது. புஷ்பவள்ளி ஓடிவந்து அவரைத் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

“நிக்கிற வண்டி நமக்கு என்னங்க குடுக்கும்? எனக்கு இடுப்பு போயிடுச்சுங்க” என்று காதோரம் சொன்னாள். அவர் அடங்கினார்.

மூன்றாம் நாள் அவருக்குள் ஏதோ இளகியது. இரும்புச் சட்டத்தை ட்ரெய்லர் அளவுக்குக் குறைத்ததையும், பின்சக்கரங்களைத் தாங்கும் எக்சலைக் கழற்றிச் சுத்தம் பண்ணியதையும், தொட்டியைத் தூக்கும் ஹைட்ராலிக் சிலிண்டருக்குப் புது ரப்பர் போட்டதையும் அவர் கண் கொட்டாமல் பார்த்தார். ‘நல்ல யோசனைதான்’ என்றுகூட நினைத்தார். அர்ச்சுனன் தம் லாரியின் தொட்டியை வெறும் தகரமென்று தூக்கிப் போடாமல், நெளிந்த இடத்தைத் தட்டி நிமிர்த்தியது அவருக்குப் பிடித்திருந்தது. வண்டி வாங்கிய புதிதில் அதே தொட்டியில் பாய் விரித்து எல்லாரையும் சி ரூசா கடற்கரைக்கு ஏற்றிப் போனது நினைவுக்கு வந்தது. அன்று மத்தியானம் கொஞ்சம் சோறு கூடவே சாப்பிட்டார்.

ஐந்தாம் நாள்தான் மகேந்திரன் எக்சல் வைக்கும் இடத்துக்குச் சுண்ணக் கட்டியால் கோடு போட்டான். சட்டத்தின் சரிபாதியில்.

“நடுவுல வெச்சா கையாலயே தூக்கி டிராக்டர்ல மாட்டிடலாம். எடை முன்னாலயும் ஏறாது, பின்னாலயும் ஏறாது” என்றான். அர்ச்சுனன் தலையாட்டினான்.

வீரமுத்து கண்ணாலேயே அந்தக் கோட்டை அளந்தார். ஓடும்போது சரி. தொட்டியைத் தூக்கும்போது? செம்பனைக் குலை மணல் மாதிரி சரியாது. முள்ளோடு முள் கோத்துக்கொண்டு ஒரே கட்டாக வால்பக்கம் வந்து நிற்கும். முழு எடையும் பின்னால் போனால், டிராக்டரோடு மாட்டும் முன்கம்பி மேலே கிளம்பும், கொக்கியில் போட்ட ஆணியைப் பிடுங்கிக்கொண்டு கிளம்பும். எக்சல் ஒன்றரை அடி பின்னால் இருக்கவேண்டும். தலைக்குள் அளவு உள்பட எல்லாம் தெளிவாக இருந்தது.

“வேணாம்” என்றார். இடது கையை வீசி, பின்னால், பின்னால் என்று காட்டினார்.

“போகச் சொல்றாரு” என்றான் மகேந்திரன் சங்கடத்தோடு.

“வேணாம். வேணாம்.” பக்கத்தில் இருந்த தகரக் குவளையை எடுத்துச் சட்டத்தின் மேல் எறிந்தார். தேத்தண்ணி சுண்ணக் கட்டிக் கோட்டை அழித்துக்கொண்டு வழிந்தது.

அர்ச்சுனன் நிமிர்ந்தான். வெயிலில் அவன் முகம் கறுத்திருந்தது. “அண்ணே, நீ விழுந்ததுல இருந்து ரெண்டு வீட்டையும் நான்தான் பாக்குறேன். ஒரு இரும்புக்குப் போயி இப்படிப் பண்றியே. நாங்க பொழைக்க வேணாமா?”

புஷ்பவள்ளி அன்று கண்ணைப் பார்க்கவில்லை. வெட்கத்தில் அவசரமாக நாற்காலியை உள்ளே தள்ளிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள். வெளியே மகேந்திரன் கோட்டைத் துடைத்துவிட்டு அதே இடத்தில் மறுபடி போட்டான்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு வியாழக்கிழமை, ட்ரெய்லரில் முதல் பாரம் வந்தது. பழம் கொட்டும் மேடு வீட்டுக்கு எதிரில், சாலைக்கு அந்தப் பக்கம் இருந்தது. வீரமுத்து ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அர்ச்சுனன் டிராக்டரைப் பின்னால் எடுத்து நிறுத்தி, லீவரைத் தள்ளினான். தொட்டி மெல்ல எழும்பியது. குலைகள் அசையவில்லை. ஹைட்ராலிக் குழாயில் எண்ணெய் கசிகிறதா என்று பார்க்க அவன் இறங்கிப் போய் முன்கம்பியின் பக்கத்தில் நின்றான்.

கட்டு மொத்தமும் ஒரேயடியாக வால்பக்கம் வழுக்கியது. முன்கம்பி ஆணியைப் பிடுங்கிக்கொண்டு ஆள் உயரத்துக்கு எழும்பியது.

அந்த ஒரு கணம், தம்பி கத்துவதற்கு முன்னால், வீரமுத்துவின் நெஞ்சுக்குள் ஒரு சந்தோஷம் ஓடியது. ‘சொன்னேனா இல்லையா’ என்கிற சந்தோஷம். அதற்குள் குலைகள் கீழே கொட்டிவிட, பாரம் இழந்த கம்பி அதே வேகத்தில் இறங்கியது. அர்ச்சுனன் விலகினான். இடது கால் விலகவில்லை.

அவனைப் போர்ட்டிக்சன் ஆஸ்பத்திரியிலிருந்து சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். காலைக் காப்பாற்றிவிட்டார்கள், பாதத்தின் முன்பாதியை எடுத்துவிட்டார்கள். புஷ்பவள்ளி பஸ் பிடித்து சிரம்பானுக்கும் வீட்டுக்குமாக அலைந்தாள். ட்ரெய்லர் மேட்டுக்குப் பக்கத்தில் மழையில் கிடந்தது. அண்ணன்காரன் வயிறெரிந்து சொன்னது பலித்துவிட்டது என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். அது புஷ்பவள்ளியின் காதுக்கும் வந்தது. அதன்பின் அவள் சோறு ஊட்டும்போது சுவரைப் பார்த்துக்கொண்டே ஊட்டினாள்.

ஒரு நாள் காலை கிளினிக்குக்குப் போகும் வழியில் ட்ரெய்லர் அருகே வந்ததும் வீரமுத்து நாற்காலிச் சக்கரத்தை இறுகப் பிடித்துக்கொண்டார். எவ்வளவு தள்ளியும் விடவில்லை. அவள் தள்ளுவதை நிறுத்தியதும் அவர் கை தரையைத் துழாவியது. ஒரு செங்கல் துண்டு கிடைத்தது. சட்டத்தருகே சாய்ந்து, எக்சலிலிருந்து பின்பக்கமாக ஒரு முழம் எண்ணி, அதற்கும் மேலே விரல்கடை வைத்து, கோணலாக ஒரு கோடு கிழித்தார். பிறகு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

புஷ்பவள்ளி வெகுநேரம் அந்தக் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள். “அன்னைக்கு இதையா சொன்னீங்க?” என்று கேட்டாள். கேட்டுவிட்டுச் சாலை ஓரத்திலேயே குந்தி முகத்தை மூடிக்கொண்டாள்.

மகேந்திரன் வந்து கோட்டைப் பார்த்தான். தன் டேப்பை நீட்டிப் பார்த்தான். இரண்டு நாளில் எக்சலை அறுத்து ஒன்றரை அடி பின்னால் வைத்துக் கொடுத்தான். அதற்குப் பிறகு அவன் அந்த வீட்டுப் பக்கம் வரவில்லை.

இப்போது ட்ரெய்லர் நன்றாகத்தான் ஓடுகிறது. கம்பி இம்மி அசைவதில்லை. டிராக்டரின் கிளச்சை மிதிக்க அர்ச்சுனனுக்கு முன்பாதம் இல்லை என்பதால் ஓர் இந்தோனேசியக்காரர் ஓட்டுகிறார். காண்ட்ராக்டும் வேறு கைக்குப் போய்விட்டது. புஷ்பவள்ளி அந்தப் புதுக் காண்ட்ராக்ட்காரரின் கீழ்தான் உதிரிப்பழம் பொறுக்குகிறாள்.

அர்ச்சுனன் தம்பின் என்ற ஊரில் மனைவியின் வீட்டோடு போய் இருக்க முடிவு செய்தான். அங்கே ஒரு கிடங்கில் உட்கார்ந்து பார்க்கும் காவல் வேலை. கிளம்பும் அன்று ஊன்றுகோலோடு அண்ணனைப் பார்க்க வந்தான். புஷ்பவள்ளி தேத்தண்ணி போட உள்ளே போனாள். அவன் கட்டிலில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட காலை நீட்டி வைத்துக்கொண்டான்.

“அந்தக் கோட்டப் பத்தி அண்ணி சொன்னாங்க” என்றான். ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, “அன்னைக்கு நானாவது நின்னு கேட்டிருக்கணும் அண்ணே” என்றான்.

திட்டியிருந்தால்கூடத் தேவலாம் என்று இருந்தது வீரமுத்துவுக்கு. தம்பி மன்னிப்புக் கேட்கிறான். கம்பி எழும்பிய அந்தக் கணத்தில் தனக்குள் ஓடியதைப் பற்றி அவனுக்குத் தெரியாது. நாக்கு நன்றாக இருந்தாலும் அதைச் சொல்லியிருக்க முடியுமா என்று அவருக்குத் தெரியவில்லை. இடது கையை நீட்டித் தம்பியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அர்ச்சுனன் அது பிரிவு வருத்தம் என்று எடுத்துக்கொண்டு, சிறுபிள்ளைக்குத் தட்டுவதுபோல் அந்தக் கையைத் தட்டிக்கொடுத்தான்.

தேத்தண்ணியைக் குடித்து முடித்ததும் வெளியே காடி வந்து ஹாரன் அடித்தது. அவன் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு எழுந்தான். வாசற்படியில் இறங்கத் தடுமாறியபோது புஷ்பவள்ளி தோள் கொடுத்தாள். தம்பி போவதைப் பார்க்க வீரமுத்து அந்த ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.