அந்த பாட்டில் என்னுடையது

கீழ் வீட்டு அக்காவுக்குத் தட்டம்மா என்று பெயர் வைத்தவர்கள் பிள்ளைகள்தான். வேலைக்குப் போகிற தாய்மார் காலையில் விட்டுப்போகும் ஏழு பிள்ளைகளையும் மதியம் பாயில் வரிசையாகப் படுக்க வைத்து, முதுகில் தட்டியே தூங்க வைத்துவிடுவார். ஒன்றிலிருந்து மூன்று மணி வரை கதவு சாத்தியிருக்கும். பெற்றவளே வந்தாலும் திறக்கமாட்டார். "ஒண்ணு அம்மாவப் பாத்துச்சுன்னா ஏழும் எழுந்துக்கும். மூணு மணிக்கு வாங்க தாயே" என்று ஜன்னல் வழியாகக் கும்பிடுவார். கணவர் போனபின் ஒற்றை மகளைப் படிக்க வைத்துக் கட்டிக்கொடுத்ததும் இந்த வேலையில்தான்.

என் மகளும் அங்கேதான் வளர்ந்தாள். நான் ஒரு வக்கீலிடம் தட்டச்சு செய்கிறவள். அவதூறு, அபாண்டம், களங்கம், மானக்கேடு என்று வாரத்துக்கு நாலு மனுவாவது அடிப்பேன். அந்தச் சொற்களெல்லாம் கெட்டவர்களுக்கானவை என்று நினைத்திருந்தேன். நான் பேசுவது வெறும் கிண்டல்தானே! என் வாயைப் பூட்டத்தான் ஆளில்லை.

ஒரு நாள் காலை, வேலைக்குப் போகும் வேனில் எல்லாரையும் சிரிக்க வைக்க ஆசைப்பட்டேன். "வீட்ல அந்தக் குதி குதிக்கிறவ, அக்கா வீட்ல பத்தே நிமிஷத்துல மட்டையாயிடறா. மருந்து கிருந்து ஊத்தறாங்களோ என்னவோ!" சிரித்தார்கள். பக்கத்து சீட்டுக்காரி மட்டும் சிரிக்கவில்லை. அவள் பையனையும் அக்காதான் பார்த்துக்கொண்டார்.

பத்தே நாளில் என் பேச்சுக்குக் கண், காது, மூக்கு எல்லாம் வைத்துவிட்டார்கள். தூங்குவதற்கு மருந்து கொடுக்கிறாராம். அதற்காகத்தான் கதவைச் சாத்துகிறாராம். என்ன ஒழுங்கு என்று இத்தனை வருடம் மெச்சிய அதே கதவு! ஒரு மதியம் ஐந்து அம்மாக்கள் திரண்டு வந்து அதை இடித்தார்கள். நானும் பின்னால் நின்றேன். அலமாரியைக் குடைந்ததில் ஒரு இருமல் மருந்து பாட்டில் கிடைத்தது.

"இது மேல் வீட்டுப் பொண்ணு கொடுத்ததும்மா. அவ மகளுக்கு இருமல்னு போன மாசம் கொடுத்துட்டுப் போச்சு" என்றார் அக்கா. எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

உண்மைதான். ஒப்புக்கொண்டால், பாட்டிலைக் கொடுத்துவிட்டு வேனில் பேச்சை ஆரம்பித்து வைத்தவளும் நானேதான் என்று சந்தி சிரித்துவிடும். "எனக்கு ஞாபகமில்லையேக்கா" என்றேன்.

மறுநாள் ஒரு பிள்ளையும் வரவில்லை. என் மகளையும் நான் அனுப்பவில்லை.

இரண்டு மாதம் ஓடியது. அவதூறு என்று மனுவில் அடிக்கும்போதெல்லாம் விரல் நின்றது. எத்தனை சொல் தேடினாலும் நான் செய்ததற்குப் பச்சைத் துரோகம் என்றுதான் பெயர். கடைசியில் வேனில் எழுந்து நின்று, பாட்டில் என்னுடையது, மருந்துக் கதையும் நான் சும்மா கட்டிவிட்டதுதான் என்று அழுதேன். "உனக்கு இளகின மனசு. பழிய நீ ஏத்துக்கிட்டு அந்தம்மாவக் காப்பாத்தப் பாக்கறே" என்று பக்கத்து சீட்டுக்காரி என் முதுகைத் தடவினாள். ஒருத்தியும் நம்பவில்லை. பொய்யைச் சிரித்துக்கொண்டே சொன்னபோது நம்பினார்களே!

அன்று சாயங்காலமே காலில் விழுவதற்காகக் கீழே போனேன். அக்காவின் மகள் மூன்று மாதக் குழந்தையோடு வந்திருந்தாள். அவள் குளித்துக்கொண்டிருந்தாள். தொட்டிலில் குழந்தை வீறிட்டு அழுதது. அக்கா இரண்டடி தள்ளி, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"தூக்குங்கக்கா, இப்படி அழுவுதே!"

"வேணாம்மா. நான் தட்டினா தூங்கிடும்" என்றார். "அவ வந்து, 'என்னம்மா கொடுத்தே'ன்னு கேப்பா. நேத்து கேட்டா."

குளியலறையில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. நாங்கள் இருவரும் குழந்தை அழுவதைப் பார்த்துக்கொண்டே நின்றோம்.