தேதி இருக்கிற ஓரம்

பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்துவிட்டு, மங்கலத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். எனக்கா கத்தரி பிடிக்கத் தெரியாது என்ற திமிர். முதல் நாளே, இரண்டு மாத்திரை கேட்டவருக்கு, பத்து மாத்திரை அட்டையின் ஓரத்திலிருந்து இரண்டை நேர்க்கோடாக வெட்டிக் கொடுத்தேன்.

பார்மசிஸ்ட் அம்மா மீதி எட்டையும் எடுத்துக் குப்பையில் போட்டார்.

"காலாவதித் தேதி அந்தத் துண்டோட போயிருச்சுங்க. தேதி தெரியாத மாத்திரைய நான் யாருக்கும் தர மாட்டேனுங்க. இனி எதிர் ஓரத்துல வெட்டி, கவர்ல தேதிய எழுதிக் குடுங்க."

ஒரு சாண் துணி வீணானாலே பதறுகிறவன் நான். எனக்குக் கோபம்கூட வந்தது. அவர் கை பதறவே இல்லை.

அன்று வீட்டுக்குப் போனதும் மாத்திரை டப்பாவைக் கொட்டிப் பார்த்தேன். எல்லாம் கடைகளில் இரண்டு மூன்றாக வெட்டி வாங்கி, என் மகளுக்குக் கொடுத்துவந்த துண்டுகள். ஒன்றில்கூடத் தேதி இல்லை.